விசேஷம் உண்டா?

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெருமுனைப் பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டே, "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்றார். "ஆமாக்கா, தம்பிக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றேன். அன்று முழத்தில் இரண்டு விரற்கடை குறைந்தது.

விசேஷத்துக்கு நமக்குத் தெரிந்த அடையாளம் வாந்தி. சினிமா சொல்லிக்கொடுத்தது. கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுச் சிரிப்பார். அந்தப் பாடத்தால் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு வளைகாப்பு வீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ச் சாதம் ஊசிப்போயிருந்தது. திரும்பும் வழியில் வேன் ஜன்னலுக்கு வெளியே நான் தலையை நீட்டியதுதான் தாமதம், பின்சீட்டில் சித்தி குலவை போடாத குறை. ஊர் வந்து சேர்வதற்குள் சித்தப்பாவும் டிரைவரும்கூட வாந்தி எடுத்தார்கள். அவர்களிடம் யாரும் விசேஷம் உண்டா என்று கேட்கவில்லை.

நிஜமாகவே வந்தபோது வாந்தியைக் காணோம். தூக்கம்தான். ஆபீஸ் விட்டு வந்து ஒரு காதுத் தோட்டைக் கழற்றுவேன். மற்றதைக் கழற்றுவதற்குள் கண் சொருகிவிடும். ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம். சோறு கொதிப்பதற்கு ஒரு வாடை உண்டென்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது அது அடுக்களை வாசலிலேயே என்னை மறித்தது. வெயில், அலுப்பு, ஆடிட்டிங் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

அத்தை காரணமெல்லாம் தேடவில்லை. நேரே சுவர்க் காலண்டரிடம் போனார். பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், இவற்றுக்கு நடுவே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. "போன மாசம் எட்டாம் தேதி. இன்னைக்குப் பன்னெண்டு. நாள் தள்ளிப் போயிருக்கு" என்றார். நானே குறித்துவைக்காத என் கணக்கு, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இத்தனை மாதமாக இருந்திருக்கிறது! 1930களிலிருந்து பல ஆண்டுகள், பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசியாகப் போட்டு, அது முட்டையிடுகிறதா என்று பார்த்துத்தான் கர்ப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டில் தவளை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மருந்துக்கடைக்காரர் பரிசோதனைக் கிட்டைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி மேசைக்கடியில் நீட்டினார். மறுநாள் காலை முதல் சிறுநீரில் சோதித்தால் ஒரு கோடு தெளிவாக விழுந்தது. இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கணவர் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார், டியூப் லைட்டுக்குக் காட்டினார், போன் டார்ச்சை அடித்தார். "கோடுதான்… ஆனா எழுதி அழிச்ச மாதிரி இருக்கு." ஆரம்ப வாரங்களில், கிட் தேடும் எச்சிஜி ஹார்மோன் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும் என்பதால், இரண்டு நாள் பொறுத்து மறுபடி பார்த்தோம். இந்தத் தடவை டார்ச் தேவைப்படவில்லை.

டாக்டரம்மா தேதி கேட்டுவிட்டு, "அஞ்சு வாரம்" என்றார். பக்கத்தில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது. "மேடம், அஞ்சு வாரத்துக்கு முன்னாடி நான் கோயம்புத்தூர் டிரெய்னிங்ல இருந்தேன்."

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்களாம்; கரு உண்டாவதற்கு முந்திய இரண்டு வாரமும் கணக்கில் சேர்த்தி. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "முன்தேதி போட்டு எழுதினா எங்க ஆபீஸ்ல மெமோ கொடுப்பாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார் மனிதர்.

ஏழாவது வாரம், சினிமாவில் பார்த்தபடியே, அது வந்தது. பஸ் ஸ்டாப் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்து ஓய்ந்து நிமிர்ந்தேன். பூக்காரம்மா கூடையை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"ஏம்மா, கண்ட கடையில சாப்பிட்டியா?"