சாமித்தட்டில் இருந்த தபாலட்டை

எங்கள் அம்மம்மாவின் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே, வெள்ளைக்காரன் காலத்துத் தபாலட்டை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறை, உச்சியில் ஒல்லாந்தர் காலத்துத் தூண், கீழே நுரை. அடியில் ஆங்கிலத்தில் 'சுவாமி றொக்' என்று அச்சடித்திருந்ததாம். அம்மம்மா நாள்தோறும் வைத்த சந்தனம் ஏறியேறி, எனக்கு வாசிக்கத் தெரிந்த காலத்தில் அந்த எழுத்து மூடிப்போய்விட்டது.

"கோயில் எங்க அம்மம்மா?"

"ஐயர் நிக்கிறாரெல்லே மோனே, தெரியேல்லையோ?" பாறை விளிம்பில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்றைத் தொட்டுக் காட்டுவா.

அந்தப் படம் எடுத்தபோது அங்கே கோயில் இல்லை. 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதே கல்லைக்கொண்டு கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1795 இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் 1803 இல் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் எங்கள் சனம் பாறையைக் கைவிடவில்லை. ஐயர் விளிம்பில் நின்று தேங்காய் உடைப்பார். பூவையும் பழத்தையும் கீழே கடலுக்குக் கொடுப்பார். கருவறை இல்லாமலே பூசை நடந்தது.

பழைய திருக்கோணமலைப் படங்களைப் பின்னாளில் தேடித்தேடிப் பார்த்தேன். போர்க்கப்பல், துறைமுகம், கோட்டை வாசல் என்று எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. தூணுக்குக்கூடக் கதை உண்டு: 1687 இல் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போனதைப் பொறுக்காமல் குதித்தாள் என்பார்கள். தேங்காய் உடைத்த ஐயரின் பெயரை எந்தப் படத்தின் அடியிலும் நான் காணவில்லை. கோட்டை வாசல் கல்லில் தமிழ்க் கல்வெட்டும் பாண்டியரின் இரட்டைக் கயலும் இருக்கின்றன. நான் பார்த்த படங்களில் வாசலின் வளைவு பதிந்திருக்கிறது, கயல் பதியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. டொக்யாட்டில் வேலைசெய்த அம்மப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மம்மா கைக்குழந்தையையும் ஒரு தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்தா. பெட்டிக்குள் அந்தத் தபாலட்டையும் போனது. கோயில் இடிபட்ட பிறகு கோணேசரும் தம்பலகாமத்துக்குத்தான் போனார் என்பது ஊர் வழக்கு. இன்றும் அங்கே ஆதிகோணநாயகராக இருக்கிறார்.

1950 இல் நகரசபை கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி திருமேனிகள் வெளிப்பட்டன. 1963 இல் பாறையில் மீண்டும் கோயில் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது. அம்மம்மா போய்ப் பார்த்து அழுதுவிட்டு வந்தா. தபாலட்டையை மட்டும் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது கோட்டை வாசலில் ஆமிக்காரர் நிற்கிறார்கள். உள்ளே மான்கள் பயமில்லாமல் மேய்கின்றன. தெருவோரக் கடைகளைத் தாண்டி மேலே ஏறினால் கோபுரம், சிவனின் பெரிய சிலை, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகே கைபேசியும் கையுமாகச் சனம். ஐயர் நின்ற விளிம்பு எதுவாக இருக்கும் என்று போகும்போதெல்லாம் தேடுகிறேன்.

போன மாதம் தபாலட்டையை ஒரு படக்கடையில் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னேன். ஓரம் உதிரத் தொடங்கிவிட்டது. கடைப் பையன் அதைக் கணினித் திரையில் பெரிதாக்கினான். சந்தனக் கறை ஒரு மஞ்சள் குளம்போலப் பரவியது.

"கறையை எடுத்துவிடட்டா அண்ணா?"

"வேண்டாம் தம்பி."

"இந்த வெள்ளைப் புள்ளி? தூசிதானே?"

"அதையும் விடுங்கோ," என்றேன். "ஐயர் நிற்கிறார்."