கரண்ட் பில்லும் கடைசி யூனிட்டும்

கேள்வி: எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை "லைட்டை அணை, சார்ஜரைப் பிடுங்கு" என்ற சத்தம்தான். சத்தம் கூடிக்கொண்டே போகிறது, பில் குறைந்தபாடில்லை. ஏன்?

பதில்: சத்தம் போகிற இடம் ஒன்று, கரண்ட் போகிற இடம் வேறொன்று. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே வாட்டை மணியால் பெருக்கிப் பார்க்காமல் வீட்டில் யார் மீதும் பழி போடக்கூடாது. போன் மாட்டாமல் சுவரில் விட்ட சார்ஜர் பெரும்பாலும் கால் வாட்டுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். ஒரு பில்லுக்கான இரண்டு மாதமும் இரவும் பகலும் அங்கேயே கிடந்தாலும் அரை யூனிட்டைத் தொடாது. 9 வாட் எல்.இ.டி. பல்பைப் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் மறந்து விட்டாலும் ஒரு பில்லுக்கு ஒரு யூனிட்தான் கூடும். மாவு அரைக்கிற கிரைண்டரையும் நாம் விட்டுவைப்பதில்லை. 150 வாட் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட். வாரம் இருமுறை அரைத்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் ஆகாது. இப்போது குளியலறைக்கு வாருங்கள். 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற 0.35 யூனிட் வேண்டும். இது இயற்பியல் விதித்த அளவு. காயிலைச் சூடாக்கும் எந்த கீசராலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. நான்கு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட், அறுபது நாள் என்றால் 84 யூனிட். நால்வரும் பக்கெட்டை முக்கால் அளவுக்கு நிரப்பினால் மட்டும் 21 யூனிட் மிச்சம். மேலே சொன்ன சார்ஜர், பல்பு, கிரைண்டர் மூன்றையும் அடியோடு நிறுத்தினாலும் அதில் கால் பங்குகூட மிஞ்சாது. டி.வி.யை ரிமோட்டில் அணைத்த பிறகும் விழித்திருக்கிற செட்டாப் பாக்ஸ் இன்னொன்று. பல பெட்டிகள் அந்த நிலையிலும் 10 வாட்டை ஒட்டி இழுக்கின்றன. இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். யார் கண்ணிலும் படாததால் அதை யாரும் திட்டுவதில்லை. சூடாக்குவது, குளிரவைப்பது, ஓயாமல் ஓடுவது. பில் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வாங்கும் திட்டோ பல்பையும் கிரைண்டரையும் சுற்றியே இருக்கிறது. இந்த அநியாயத்தை ஒரு பெருக்கல் கணக்கு தீர்த்துவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: போன தடவை 490 யூனிட், இந்தத் தடவை 510. இருபது யூனிட் கூடியதற்கு பில் இப்படியா எகிறும்? மீட்டரில் கோளாறோ?

பதில்: மீட்டர் பாவம், அதன் மேல் குற்றமில்லை. ஸ்லாப், அதாவது கட்டணப் படி, அப்படி அமைந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த வீட்டு மின்கட்டணத்தை வைத்தே சொல்கிறேன். பின்னர் விகிதம் உயர்ந்திருக்கிறது, நீங்கள் உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு மொத்தம் 1,725 ரூபாய். 501-ஐத் தொட்டதும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! இதில்தான் சிக்கனத்தின் சூட்சுமம் இருக்கிறது. 600 யூனிட் ஓட்டுகிறவர் 2,750 ரூபாய் கட்டுகிறார். வகுத்துப் பார்த்து, "யூனிட்டுக்கு நாலரை ரூபாய்தானே, நூறு யூனிட் குறைத்தால் 450 ரூபாய், இதற்கா இத்தனை பாடு" என்று விட்டுவிடுகிறார். சராசரி அவரை ஏமாற்றுகிறது. அவர் குறைக்கப்போவது சராசரி யூனிட்டை அல்லவே, உச்சியில் இருக்கிற கடைசி நூறு யூனிட்டை. 500-க்கு வந்தால் பில் 1,725. மிச்சம் 1,025 ரூபாய், யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். ஆகவே எந்தச் சாதனத்தையும் மாற்றுமுன் உங்கள் கடைசி யூனிட் எந்த விலையில் நிற்கிறது என்று பாருங்கள். ரீடிங் எடுத்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரை நீங்களே ஒருமுறை பார்ப்பது நல்லது. 375-ஐத் தாண்டியிருந்தால் மிச்சப் பதினைந்து நாளைக் கவனமாக ஓட்டவேண்டும். ரீடிங் எடுக்க வருபவர் மூன்று நாள் தாமதித்தால், நாளுக்கு எட்டு யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு 24 யூனிட் ஏறிவிடும். எல்லைக்கோட்டில் இருக்கிற குடும்பத்துக்கு அது நியாயமில்லாத இடி. மாதாந்தர ரீடிங் கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை.

கேள்வி: வாட்டை மணியால் பெருக்கச் சொல்கிறீர்கள். எங்கள் ஃபேனின் முதுகில் ஒட்டிய சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி?

பதில்: உங்கள் வாசலில் இருக்கிற மீட்டரே சொல்லும், காசு கேட்காது. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3,200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். நான்கு முறை சிமிட்டினால் அது 75 வாட் ஃபேன். 2,000 வாட் கீசரைப் போட்டால் நிமிடத்துக்கு நூறுக்கும் மேல், எண்ணி முடியாது. கணக்குச் சுலபம்: ஒரு நிமிடச் சிமிட்டலை அறுபதால் பெருக்கி, அந்த 3,200-ஆல் வகுத்தால் அந்தச் சாதனம் மணிக்கு எத்தனை யூனிட் சாப்பிடுகிறது என்பது வந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால் இன்னும் ஏதோ ஓடுகிறது. செட்டாப் பாக்ஸ், மோடம், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வயரிங்கில் கசிவு இருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அரை நாளில் வீட்டுக்கே பட்டியல் போட்டுவிடுவார்கள். லைட்டை அணைக்கச் சொல்லித் திட்டுவதைவிட இது அவர்களுக்கு ஆயுசுக்கும் உதவும்.

கேள்வி: குறைந்த வாட்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கச் சொல்லி எல்லோரும் பிடுங்கி எடுக்கிறார்கள். விலை கூட. இது வியாபாரத் தந்திரம்தானே?

பதில்: யார் வீடு என்பதைப் பொறுத்தது. நம் வெயிலில் ஒரு ஃபேன் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுவது சாதாரணம், இரண்டு மாதத்துக்கு 900 மணி. 75 வாட் ஃபேனுக்கு 67 யூனிட், 30 வாட் பி.எல்.டி.சி.க்கு 27. ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். உங்கள் கடைசி யூனிட் 4.50 ரூபாயில் இருந்தால் பில்லுக்கு 180 ரூபாய், 8 ரூபாயில் இருந்தால் 320. சாதா ஃபேனைவிட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் ஒன்றரை ஆண்டுக்குள் காசு திரும்பிவிடும். ஆனால் நூறு யூனிட் இலவசத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற வீட்டுக்கு இதில் ஒரு பைசாவும் திரும்பாது. அவர்களிடம் போய் இதை விற்பது தவறு. ஓடுகிற நல்ல ஃபேனைக் கழற்றி எறியவும் வேண்டாம். பழுதாகும்போது மாற்றுங்கள், அதிக நேரம் ஓடுகிற அறையில் முதலில் மாற்றுங்கள். பி.எல்.டி.சி. ஃபேனின் உள்ளே இருப்பது எலெக்ட்ரானிக் போர்டு. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் போய்விடக்கூடியது என்பதால் வாரன்டி எத்தனை ஆண்டு, உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம். ஆகவே கடைக்காரர் சொல்வதைவிட முத்திரை சொல்வதைக் கேளுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபேன் வேகத்தைக் குறைக்கும்போது அந்தப் பெட்டி சுடுகிறதல்லவா, அந்தச் சூட்டுக்கும் நீங்கள்தான் பில் கட்டுகிறீர்கள். ஃபேனை மாற்ற வசதி இல்லையென்றால் ரெகுலேட்டரை மட்டுமாவது எலெக்ட்ரானிக் ரகமாக மாற்றலாம்.

கேள்வி: கடன் வாங்கி ஏ.சி. போட்டோம். 24-ல் வை, 26-ல் வை என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டு வியர்வையோடு படுப்பதா?

பதில்: வியர்க்க வேண்டியதில்லை. 1.5 டன் ஏ.சி. சராசரியாக மணிக்கு 0.8 யூனிட் இழுத்தாலே, இரவுக்கு எட்டு மணி நேரம் என்று இரண்டு மாதத்துக்கு 384 யூனிட். பல வீடுகளில் மற்ற எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது என்பதால் இங்கே வைக்கிற ஒரு டிகிரிக்கு மதிப்பு அதிகம். டிகிரிக்கு சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து புது ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விற்கப்படுவதும் இதனால்தான். காரணம் சிக்கலானதல்ல. வெளியே 30 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 வைத்தால் வித்தியாசம் 10, 26 வைத்தால் 4. சுவர் வழியாக உள்ளே ஏறுகிற சூடு அந்த வித்தியாசத்துக்குத் தக்கபடிதான் ஏறும். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். காற்று தோலின் ஈரத்தை உலர்த்துவதால் உடம்புக்கு இன்னும் இரண்டு டிகிரி குறைந்தது போல இருக்கும், அதற்கு ஃபேன் சாப்பிடுவது சொற்பம். சீக்கிரம் குளிரட்டும் என்று 18-ல் வைக்கிறவர்கள் உண்டு. இன்வெர்ட்டர் இல்லாத ஏ.சி.யின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 18 வைத்தாலும் 26 வைத்தாலும் அறை அதே வேகத்தில்தான் குளிரும், 18-ல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். மேல்மாடி வீடு என்றால் பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு முழுக்கச் சூட்டை உள்ளே இறக்கும். கோடைக்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பெயின்டோ அடித்தால் ஏ.சி. உள்ள வீட்டுக்கு பில் குறையும், இல்லாத வீட்டுக்குத் தூக்கம் வரும்.

கேள்வி: குறைவாகச் சாப்பிடுகிற சாதனம் வந்தால் கூடுதலாக ஓட்டுவோம். கடைசியில் எல்லாம் ஒன்றுதான். சரியா?

பதில்: பழைய வாதம், கனமான வாதம். நீராவி எஞ்சின் திறன் கூடியபோது இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறியது என்று ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865-லேயே எழுதினார். அதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 75 வாட் ஃபேன் பதினைந்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.1 யூனிட்டுக்கு மேல். 30 வாட் ஃபேனை அணைக்கவே அணைக்காமல் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டினாலும் 0.72 யூனிட்தான். நாளுக்கு இருபத்தைந்தாவது மணி கிடையாது என்பதால் ஃபேனில் ஜெவன்ஸ் தோற்றுப்போகிறார். பல்பிலும் அப்படியே: 60 வாட் குண்டு பல்பின் செலவை 9 வாட் எல்.இ.டி. எட்டவேண்டுமென்றால் ஆறு மடங்குக்கு மேல் நேரம் எரியவேண்டும். ஏ.சி.யில் மட்டும் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து ஸ்டார்தானே என்று ஒரு அறைக்கு இருந்ததை மூன்று அறைக்கு வைக்கும் வீடுகளில் முத்திரை ஒன்றும் செய்யாது. பழைய ஃபிரிட்ஜை விற்காமல் மாடிக்கு ஏற்றி, நாலு தண்ணீர் பாட்டிலுக்காக நாள் முழுக்க ஓட்டுவதும் இதே ரகம்.

கேள்வி: கட்டவுட்டுக்கும் சீரியல் செட்டுக்கும் ஊரே ஜொலிக்கிறது. ஆலைகள் அள்ளுகின்றன. நான் மட்டும் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும்?

பதில்: ஊர் வீணாக்குவதைத் தட்டிக் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம். ஆனால் ஊர் ஜொலிப்பதற்கும் உங்கள் 501-ஆவது யூனிட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்த 233 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதம் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. சூரியன் இறங்கிய பிறகு வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஒன்றாக எரியும் நேரத்தில் அது இல்லை. அந்த நேரத்துக்கு மின்சாரம் வாங்குவதுதான் செலவு கூடிய வேலை, அது ஒருநாள் கட்டண உயர்வாக நம் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேரும்.

கேள்வி: என் அப்பாவுக்கு எழுபது வயது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து, பில் ஏறுமே என்று ஃபேனை அணைத்துவிடுகிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: கணக்கைக் காட்டுங்கள். ஃபேன் இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். 4.50 ரூபாய் விகிதத்தில் 2 ரூபாய் 70 காசு, ஒரு டீயின் விலைகூட இல்லை. வயதானவர்களின் உடம்பு சூட்டைச் சமாளிக்கத் திணறும், தாகமும் சரியாகத் தெரியாது. புழுக்கமான இரவில் அவர் அணைக்கவே கூடாத சாதனம் ஃபேன் ஒன்றுதான். அவர் மிச்சப்படுத்த நினைக்கிற அந்த 0.6 யூனிட்டை நீங்கள் கீசரிலும் செட்டாப் பாக்ஸிலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட அதிகமாகவே கிடைக்கும். வீட்டுக்கு ஒரே ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் வாங்க முடியுமென்றால் அதை அவர் அறையில் மாட்டுங்கள். இரவுக்குக் கால் யூனிட்தான் ஆகும் என்று அவரையே மீட்டர் முன் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள்.