நாற்காலியைத் தூக்கிக் கடாசுலே!

ஏலே பேராண்டி, ராக்கெட்டுக்கு எடை கொறைக்கிற வேலையாமே ஒனக்கு? ஒரு கிலோ பாகத்தை எண்ணூறு கிராம் ஆக்கிட்டேன்னு பெருமை பேசுத. சரி, அந்தப் பாகம் எதுக்குன்னு கேட்டா தலையைச் சொறியுதியே!

நிலாவுல எறங்குன அப்பல்லோ வண்டி தெரியும்லா? எடை கூடிப்போச்சு. அதைச் செஞ்ச கிரம்மன் கம்பெனிக்காரன் நாற்காலியை மெலிசாக்கவா செஞ்சான்? நாற்காலியையே கடாசிட்டு, நின்னுக்கிட்டுப் போங்கன்னுட்டான். நிக்கிற ஆளுக்கு மூஞ்சி ஜன்னலுக்குக் கிட்ட வந்துருமில்லா? ஜன்னலும் சின்னதாப் போச்சு.

நாசாவோட விண்வெளி ஷட்டிலுக்கு இருந்த பெரிய எரிபொருள் டேங்குக்கு மொத ரெண்டு தடவை வெள்ளை அடிச்சு அனுப்புனாங்க. 1982-ல மூணாந்தடவை அடிக்காமலே விட்டாங்க. சுமார் 270 கிலோ மிச்சம். என்ன வித்தை பண்ணுனாங்க? பெயிண்ட் டப்பாவைத் தொறக்கல, அம்புட்டுத்தான்.

நீங்க என்ன செய்யுதீங்க? பாரத்தைக் கணக்குப் போடுதவன் சந்தேகத்துக்குக் கொஞ்சம் கூட்டுதான். வரையுதவன் மேலதிகாரிக்குப் பயந்து கொஞ்சம். கடைசல்காரன் தன் பங்குக்குக் கொஞ்சம். மாமியாரும் மருமவளும் மாறி மாறி உப்புப் போட்ட கொழம்புதான். ஆளில்லாத ராக்கெட்டுக்கு, வரக்கூடிய பாரத்துல 1.25 மடங்கு தாங்குனாப் போதும்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு. உங்க கையில அது எங்க போய் நிக்குமோ! பொறவு ராத்திரி முழிச்சு அதையே செதுக்குதீங்க.

செதுக்குறதாயிருந்தா மேல் அடுக்குல செதுக்கு. அங்க ஒரு கிலோ கொறைஞ்சா செயற்கைக்கோளுக்கு ஒரு கிலோ லாபம். அடி அடுக்குல பல கிலோ செதுக்குனாத்தான் அந்த ஒரு கிலோ.

அதுக்காக, பாரம் போற பாதையில கஞ்சத்தனம் பண்ணிராத. 2015-ல ஃபால்கன் ராக்கெட் ஒண்ணு நடுவானத்துல செதறிச்சு. ஹீலியம் குப்பியைப் பிடிச்சிருந்த தண்டு, தாங்கவேண்டிய பாரத்துல அஞ்சுல ஒரு பங்குக்கே முறிஞ்சிதுன்னு கம்பெனிக்காரனே சொன்னான். நாலு மடங்கு விட்டு வைன்னு தண்டு செஞ்சவன் சொன்னதைக் கேக்கலன்னு நாசா ஆய்வு குட்டு வச்சிது. எங்க உப்பு வேணுமோ, அங்க போடல பாத்தியா!

நாளைக்கு வரைபடத்தை விரிச்சு ஒவ்வொண்ணா விரலை வச்சுக் கேளு: “இது இல்லன்னா எது விழும்?” ஒண்ணும் விழாதா? அழிச்சிரு. ஆறு மாசமா என்னதான் செஞ்சேன்னு மேலதிகாரி மொறைப்பாரு. காட்டறதுக்கு ஒங்கிட்ட ஒண்ணும் இருக்காது. பதவி உயர்வு கெடைக்காட்டாலும் ராக்கெட்டு மேல போவும்லே!