வாழைப்பழம் தின்று ராச்சியம் விழுங்கியவர்

போர்த்துக்கீசர் முட்டி மோதிப் பார்த்தார்கள். ஒல்லாந்தர் உள்ளே புகுந்தும் நிலைக்க முடியாமல் திரும்பினார்கள். 1803இல் கண்டிக்குள் புகுந்து ஆங்கிலேயர் அங்கே நிறுத்திய காவற்படையும் அடியோடு அழிந்தது. மலைக்கும் காய்ச்சலுக்கும் முன்னால் பீரங்கி எடுபடவில்லை. கடைசியில் கண்டியைப் பிடித்தவர் ஒரு மரக்கறிக்காரர்.

பெயர் ஜோன் டொய்லி. இங்கிலாந்தில் குவேக்கர் என்றொரு கூட்டம் உண்டு. பகட்டு ஆகாது, சண்டை ஆகாது; ஆனால் பார்க்ளேஸ், லாயிட்ஸ் வங்கிகள் அவர்கள் போட்ட விதை. டொய்லி குவேக்கர் அல்ல, ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மகன். நடப்பு மட்டும் அச்சொட்டாக அதுதான். கலியாணம் இல்லை, விருந்து இல்லை. மனிதர் வாழைப்பழத்தில் காலம் தள்ளுகிறார் என்று சக வெள்ளைக்காரரே நொந்துகொண்டனர். வங்கியும் ஒன்று நடத்தினார். அங்கே வைப்பில் இட்டது ஊர் வம்பு.

1801இல் இலங்கைக்கு வந்தவர், மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் படித்தார். கவிதையிலேயே மனுப் போட்ட கஜமன் நோனாவுக்கு நிலம் கொடுத்தார். தர்மவான்தான். 1805இல் தலைமை மொழிபெயர்ப்பாளர் பதவி. சம்பளம் மொழிபெயர்ப்புக்கு, வேலை வேவு. பிக்குகளும் வியாபாரிகளும் மலையிலிருந்து சேதி கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பழைய ஏட்டுச்சுவடி தேடியலைய, இவருக்கோ மை உலராத ஓலைகளே வீடு தேடி வந்தன. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் எங்கே உரசல் என்பது கண்டிக்காரரைவிட இவருக்கே நன்றாகத் தெரியும்.

அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுச்சாமி, மதுரை வழி நாயக்கர். முதலமைச்சர் எகலப்பொல அவனோடு பகைத்து ஆங்கிலேயரிடம் ஓட, 1814இல் எகலப்பொலவின் மனைவி, பிள்ளைகளை அரசன் கொல்வித்தான். சனம் வெறுத்தது, டொய்லிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. 1815 பெப்ரவரியில் அரசன் பிடிபட்டான்.

மார்ச் 2, கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபம். டொய்லி எழுதித்தந்த உடன்படிக்கையில் பிரதானிகள் ஒப்பமிட்டார்கள். அரசனின் உறவினருக்கும் “மலபார்” எனப்பட்ட தமிழ் ஆண்களுக்கும் கண்டியில் இடமில்லை என்கிறது பத்திரம். அதன் அடியிலே சில பிரதானிகளின் ஒப்பம் தமிழ் எழுத்தில்! தமிழனைத் துரத்தவும் தமிழ் எழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

ஏப்ரலில் புத்தரின் புனிதத் தந்தம் கண்டித் தலதா மாளிகைக்குத் திரும்பியது. டொய்லி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இசைக் கடிகாரம் ஒன்றைக் காணிக்கை வைத்தார். மூன்றாம் ஆண்டே ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. முடிசூடக் காத்திருந்த எகலப்பொலவை மொரிசியசுக்கு நாடு கடத்தினார்கள்; ராஜசிங்கன் வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்தான். டொய்லிக்கு 1821இல் பரோனெட் பட்டம் கிடைத்தது. வாரிசு இல்லாததால் 1824இல் காய்ச்சல் பட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள கரிசன் மயானத்தில் கிடக்கிறார்.

தின்னும் அதிகாரியை ஒரு விருந்தோடு சமாளிக்கலாம். வாழைப்பழத்தோடு திருப்திப்படுபவர் வந்தால், முதலில் வீட்டுச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.