பேர் வெட்டின அண்டா

எங்கள் வீட்டில் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் சகலைக்குப் போன் போட வேண்டும். பாஸ்வேர்டு அவருடையது. மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவார், பாதுகாப்புக்காம். புதிதைக் கேட்டு வாங்குவதற்கு முன்னால் அவருடைய முட்டிவலி, ஆபீஸ் அரசியல், மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய் மூன்றையும் நான் விசாரித்தாக வேண்டும். ஆக, படம் இலவசம்; டிக்கெட் மட்டும் அரைமணி நேரம்.

ஹாலில் உட்காரும் வரிசை மாறாது. அம்மாவுக்கு டிவியிலிருந்து நாலடி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. மகளுக்கு சோபா முழுவதும், படுத்தவாக்கில், கையில் செல்போனோடு. மனைவி தரையில், பீன்ஸ் முறத்தோடு. ரிமோட் என் கையில். இதை வைத்து வீட்டில் அதிகாரம் யாரிடம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ரிமோட்டுக்கு இரண்டு பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றியிருக்கிறது. அழுத்தினால் உடனே வேலை செய்கிற ஒரே பொத்தான், படத்தை நிறுத்துகிற பொத்தான்தான். யார் 'நிறுத்து' என்றாலும் நிறுத்துகிற உத்தியோகம் எனக்கு. குக்கர் விசிலில் வசனம் கேட்கவில்லை என்றால் நிறுத்த வேண்டும். கேஸ்காரர் வந்தால் நிறுத்த வேண்டும். இந்த நடிகை முன்னே எந்த சீரியலில் வந்தாள் என்று அம்மாவுக்கு ஞாபகம் வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

தியேட்டரில் படம் முடிந்தால் முடிந்தது. பைக் டோக்கனைத் தேடுகிற அவசரத்தில் பாதி மறந்துவிடும். வீட்டில் அப்படியில்லை. டிவியை அணைத்த பிறகும் படம் ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலையில் எனக்கு ஏதாவது வேலை வைக்கிறது. சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால், பட்ட பாட்டைத்தான் கருத்தாகச் சொல்ல முடியும்.

வம்பு 'மகாராஜா'வில் ஆரம்பித்தது. விஜய் சேதுபதியின் 50ஆவது படம், 2024இல் வந்தது. ஊரெல்லாம் பார்த்து முடித்து, சீனாக்காரர்களும் தியேட்டரில் பார்த்து முடித்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். சலூன் வைத்திருக்கும் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லட்சுமியைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி யாரென்றால், ஒரு இரும்புக் குப்பைத்தொட்டி. லாரி வீட்டுக்குள் புகுந்த விபத்தில், குழந்தையின் மேல் கவிழ்ந்து மூடிக் காப்பாற்றிய தொட்டி. ஸ்டேஷனில் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், மனிதர் அசைவதாயில்லை. இயக்குநர் நித்திலன் சாமிநாதன் கதையை முன்னுக்குப் பின்னாக அடுக்கியிருக்கும் விதம் அபாரம். ஆனால் அந்த அடுக்கு, நடுவில் எழுந்து மோர் கரைக்கப் போகாதவர்களுக்கானது. "இது முன்னாடி நடந்ததா, பின்னாடி நடந்ததா?" என்று மனைவி கேட்க, மகள் விளக்க, விளக்கியதில் மகளுக்கே சந்தேகம் வந்து பத்து நிமிடம் பின்னால் ஓட்டச் சொல்ல, முன்னும் பின்னுமாக இருந்த படம் எங்கள் வீட்டில் பக்கவாட்டிலும் ஓடியது.

அம்மா மட்டும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அவள் குப்பைத்தொட்டியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு குப்பைத்தொட்டிக்கு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போறான் பாரு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் அண்டாவுக்கு நீ என்னடா செஞ்சே?"

நிறுத்தினேன். யாரும் சொல்லாமலே நிறுத்தியது அன்றுதான்.

அந்த அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்குடியிலிருந்து அம்மாவோடு சீராக வந்த பித்தளை அண்டா. நாலு குடம் தண்ணீர் பிடிக்கும். கழுத்துக்குக் கீழே என் தாத்தாவின் பேர், இனிஷியலோடு, புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். 2016இல் நாங்கள் வீடு மாறியபோது அது காணாமல் போயிற்று. பழி வேன்காரர் மேல் விழுந்தது. விழவைத்தவன் நான். புது வீட்டுப் பரணுக்குள் அது நுழையவில்லை என்பதால், பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் வாங்கிவந்தவனும் நான்தான். ஆறு மாதத்தில் தோசைக்கல்லின் பூச்சு உரிந்துவிட்டது. அண்டா வழக்கு மட்டும் அப்படியே தூங்கிக் கிடந்தது.

"அது வெறும் தொட்டி. அதுக்கு அவங்களா பேர் வெச்சாங்க. என் அண்டாவுல பேரே வெட்டியிருந்தது" என்று அம்மா வாதத்தை எடுத்து வைத்தாள். படத்தின் பிற்பாதியில் உண்மை ஒவ்வொன்றாக வெளியே வர வர எனக்கு வியர்த்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லை மூட்டையிலிருந்து பிரித்தவள் அவள்; அப்போதே விவரம் தெரிந்த வயசு.

அடுத்து 'மெய்யழகன்' போட்டதே பேச்சை மாற்றுவதற்காகத்தான். நீடாமங்கலம் என்று காதில் விழுந்ததும் அம்மா நாற்காலியை இன்னும் ஓரடி முன்னால் இழுத்துக்கொண்டாள். சென்னையிலிருந்து தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறார் அரவிந்த்சாமி. 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறார் கார்த்தி. அவர் யார், பேர் என்ன என்பது அரவிந்த்சாமிக்கு ஞாபகமில்லை. கேட்கவும் கூச்சம். ஏறக்குறைய இவ்வளவுதான் கதை, அதை '96' எடுத்த பிரேம்குமார் நிதானமாகச் சொல்கிறார். 2024 செப்டம்பரில் வெளியானபோது நீளம் என்று முணுமுணுப்பு எழுந்து சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்ன நேரத்துக்கு இது ஒரு நீளமா?" என்றாள். அந்த கேட்டில் நின்ற எல்லாரும் அவள் கட்சிதான்.

வெட்டிய 18 நிமிடங்களுக்கும் சேர்த்து நாங்கள் மூன்று ராத்திரி பார்த்தோம். இரண்டாவது ராத்திரி அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"இதுக்கு எதுக்குடா ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டுக் கிடக்கணும்? கல்யாண வீடுதானே? மொய் எழுதறவன்கிட்டப் போய் நின்னு நோட்டைப் புரட்டினா பேரு, ஊரு, எவ்வளவு எழுதினான் எல்லாம் இருக்குமே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தனை பெரிய முடிச்சை ஒரு மொய் நோட்டால் அவிழ்த்துவிடலாம் என்று எந்த விமர்சகரும் எழுதி நான் படிக்கவில்லை. இருந்தாலும் நான் அரவிந்த்சாமி பக்கம்தான். பேர் மறந்தவனின் அந்தத் திருட்டு முழியை அவர் அவ்வளவு சரியாக முழிக்கிறார். அடுத்த வாரமே எனக்கு ஒரு போன் வந்தது. "அத்தான், நல்லாயிருக்கீங்களா? அத்தை நல்லாயிருக்காங்களா? பத்திரிகை வெக்க வர்றோம்." யாரென்று தெரியாமலே பன்னிரண்டு நிமிடம் பாசமாகப் பேசினேன். கடைசியில் 'குமாரு பேசறேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க' என்று வைத்துவிட்டார். எந்தக் குமார்? மனைவி பீரோவிலிருந்து எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்துவந்தாள். அதில் பதினோரு குமார்கள். நாலு பேர் 51 ரூபாய், ஒருவர் பித்தளைக் குத்துவிளக்கு. பித்தளை என்றதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே படம் பார்த்த முதல் தமிழர் டி.எஸ். பாலையா என்பது என் நெடுநாள் கொள்கை. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் அவருக்குக் கதை சொல்லும் காட்சி. படம் எடுக்கவேயில்லை, காமிரா இல்லை, வெறும் வாய்தான். பாலையா தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அந்தப் பேய்ப்படத்தை முழுசாகப் பார்த்துவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடியது. அந்தக் காட்சிக்கு மட்டும் எங்கள் வீட்டில் குக்கர்கூட விசிலை அடக்கிக்கொண்டது. பாலையாவின் முகத்தில் கதை ஓடுகிற அளவுக்கு நம் 43 அங்குல டிவியில் எதுவும் ஓடுவதில்லை.

'த கிரேட் இந்தியன் கிச்சன்' பற்றி சகலை முன்பே எச்சரித்திருந்தார். "தனியாப் பாருங்க" என்றார். ஜியோ பேபியின் மலையாளப் படம், 2021இல் வந்தது; இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன். மகள்தான் ஒரு ராத்திரி எல்லாரையும் வைத்துக்கொண்டு போட்டுவிட்டாள். நிமிஷா சஜயன் நறுக்குகிறார், அரைக்கிறார், துடைக்கிறார், மறுபடி நறுக்குகிறார். மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் ஆக வேண்டும், சட்னிக்கு மிக்ஸி கூடாது. சிங்க்குக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது. கணவனிடம் சொல்கிறார். மறந்துட்டேன் என்கிறான். மறுபடி சொல்கிறார். மறுபடி மறக்கிறான்.

எங்கள் வீட்டு சிங்க்குக்கு அடியில் அப்போது ஒரு பெயிண்ட் வாளி இருந்தது. மூன்று வாரமாக இருந்தது. 'நாளைக்கு பிளம்பரைக் கூப்பிடறேன்' என்று நான் சொன்ன நாளிலிருந்து.

திரையில் சொட்டு விழுந்தது. "சவுண்ட் சூப்பர்ல? நிஜமாவே கிச்சன்லேர்ந்து வர்ற மாதிரி இருக்கு" என்றாள் மகள். நான் பதறிப்போய் நிறுத்தினேன். படம் நின்றது. டொக். சொட்டு நிற்கவில்லை. டொக். மனைவி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிமிஷா சஜயனும் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒழுகின தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைச் சகலை எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ராத்திரி பத்தேகாலுக்கு பிளம்பருக்குப் போன் போட்டேன்.

"அவ்வளவு அவசரமா சார்?"

"ரொம்ப அவசரம்பா. இன்னும் அரைமணி நேரப் படம்தான் பாக்கி."

அவர் காலையில்தான் வந்தார். மிச்ச அரைமணியை நான் வாளிக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தேன், ஒரு பத்திரத்துக்கு.

எங்கள் வீட்டில் நிறுத்தாமல் ஓடிய ஒரே படம் 'லப்பர் பந்து'. மாமனாரும் மருமகனும் கிரிக்கெட்டில் முட்டிக்கொள்கிறார்கள். விஜயகாந்த் பாட்டோடு அட்டகத்தி தினேஷ் மட்டையைப் பிடித்து நின்றபோது அம்மா விசிலடிக்கப் பார்த்தாள், பல்செட் இடம் கொடுக்கவில்லை. முடிந்ததும் மகள், "வர்ற மாப்பிள்ளைக்கு கேரம் ஆடத் தெரியக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடலாமாப்பா?" என்றாள். போன தீபாவளிக்கு கேரம் போர்டை நான் கவிழ்த்ததை இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, யாரும் யாரையும் குற்றம் சாட்டாத படம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. எல்லாரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்து, 'பெர்ஃபெக்ட் டேஸ்' போட்டேன். எடுத்த விம் வெண்டர்ஸ் ஜெர்மன்காரர், கதை டோக்கியோவில். நடித்த கோஜி யாகுஷோவுக்கு 2023 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. பொதுக் கழிப்பறைகளைக் கழுவுகிற ஒரு மனிதர். விடியலில் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். வேனில் பழைய கேசட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து இலைகளுக்கு நடுவே வருகிற வெயிலைப் படம் பிடிக்கிறார். எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்துவந்த மனைவி நின்றாள்.

"என்ன படம்?"

"ஒருத்தர் கக்கூஸ் கழுவறார்."

"அப்புறம்?"

"மறுநாளும் கழுவறார்."

போய்விடுவாள் என்று நினைத்தேன். சொம்போடு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிச் சுவர் வைத்த கழிப்பறை ஒன்று வருகிறது. வெளியிலிருந்து உள்ளே எல்லாம் தெரியும், தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். ஜப்பான்காரனின் மூளையைப் பற்றி நான் நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. யாகுஷோ பையிலிருந்து சின்னக் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து, பீங்கானுக்கு அடியில் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத பக்கம் சுத்தமாகியிருக்கிறதா என்று பார்க்கிறார். "ஏங்க, கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க" என்றாள். ஓட்டினேன். "இன்னொரு தடவை." ஓட்டினேன்.

"அடியில கூடப் பாக்கறார், பாத்தீங்களா?"

இந்த வருஷம் நான் பார்த்ததில் ஆகச் சிறந்த படம் அதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஷேவிங் கண்ணாடியும் கையுமாக பாத்ரூம் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். ஒரு காது ஈரத்தில். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் என் மூக்குதான் தெரிந்தது. கைத்தடி சத்தம் வாசலில் வந்து நின்றது. அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"என்னடா, அண்டாவைத் தேடறியா?"