காத்துக்கு எடை போடுற கம்பி

ஏன் மருமகனே, வண்டி இழுக்கலன்னதும் கோடாங்கிகிட்டப் போகாம மெக்கானிக்குகிட்டப் போனீயே, அந்த மட்டுக்கும் நீ கெட்டிக்காரன்தான். ஆனா அவரு ஸ்கேனரைச் செருகிப் பார்த்துட்டு, ‘பி 0101, ஏர் ஃப்ளோ சென்சார் போச்சு, புதுசு போட்ருவோம்’னதும், வாழைத்தார் வித்த காசை எண்ண ஆரம்பிச்சுட்டீயாமே! பொண்ணு பார்க்கப் போன எடத்துல ஆயிரம் கேள்வி கேட்ட வாயி, அங்க மட்டும் ஏன்யா ஒட்டிக்கிச்சு?

அந்த நம்பரு சொல்றது, ‘வர்ற காத்தோட கணக்கு சரியாப் படல’ங்கிறதை மட்டும்தான். சென்சாரு செத்துப்போச்சுன்னு அதுல எங்கிட்டும் எழுதல.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் தாண்டுன ஒடனே குழாய்க்குள்ள மூக்கு நீட்டிக்கிட்டு ஒண்ணு இருக்கும், அதுதான் அந்தச் சென்சாரு. பழைய மாடல்ல உள்ள இருந்தது தலைமுடி தண்டிப் பிளாட்டினக் கம்பி. இப்ப மெல்லிசா ஒரு படலம். கரண்டு விட்டு அதைச் சூடாவே வச்சிருப்பாங்க. ஆடி மாசம் டீக்கடையில பார்த்திருப்ப, காத்து அடிக்க அடிக்க மாஸ்டரு அடுப்பைக் கூட்டிக்கிட்டே இருப்பாரு, இல்லன்னா பாலு ஆறிரும். அவரு எம்புட்டுத் திருகுறாருங்கிறதை வச்சே வெளிய அடிக்கிற காத்தைச் சொல்லிரலாம். சென்சாரும் அதே சோலிதான் பாக்குது. சூட்டைக் காப்பாத்த எம்புட்டுக் கரண்டு இழுத்துச்சோ, அதை வச்சு ஒரு செகண்டுக்கு எத்தனை கிராம் காத்து போச்சுன்னு என்ஜினோட மூளையான ஈசிஎம்முக்குச் சொல்லிரும்.

படிக்கணக்கு இல்லைய்யா, எடைக்கணக்கு. தென்பழநி செக்போஸ்ட்டைத் தாண்டி, பூப்பேரு வச்ச 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேகமலைக்குப் போனா 1,500 மீட்டர் உசரம். கடல்மட்டத்துக் காத்தை விட அங்க ஏழுல ஒரு பங்கு எடை கம்மி. அதையும் சேர்த்தே இது நிறுத்துப் போட்டுரும். பெட்ரோல் வண்டின்னா ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும். அப்படிப் பார்த்தா, ஒரு லிட்டர் எரிக்க ஏறக்குறைய 9,000 லிட்டர் காத்து. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இருபோக நெல்லு வெளையிற நெலம் 14,707 ஏக்கரு. 14.7, 14,707 ரெண்டும் ஒண்ணுபோல இருக்கேன்னு சோசியக்காரன்கிட்டப் போயிறாத, நீ மறக்காம இருக்கத்தான் சொன்னேன்.

உன்னுது டீசலு. எரிஞ்ச புகையில எம்புட்டைத் திரும்ப உள்ள விடணும்னு ஈஜிஆர் வால்வுக்குச் சொல்றதும், கரும்புகை வராம டீசலை அடக்குறதும் இந்தக் கணக்கை வச்சுத்தான். காத்து கம்மின்னு தப்பாச் சொன்னா, டீசலைக் கஞ்சத்தனமா விடும், பிக்கப் போயிரும். கூடன்னு சொன்னா, பின்னால வர்றவன் மூஞ்சியில கரியைப் பூசிட்டுப் போகும். சின்ன பெட்ரோல் வண்டி நெறையதுல இந்தச் சென்சாரே கெடையாது, மேப் சென்சாரை வச்சு அழுத்தத்தைப் பார்த்தே ஓட்டிருவாங்க. அது தெரியாம இல்லாத சென்சாருக்குக் காசு அழுதவுகளும் இருக்காங்க, உனக்குத் தெரிஞ்சவுகதான், பேரு வேணாம்.

நேத்து நீ போன்ல பேசிக்கிட்டே தெருக்கோடிக்குப் போனப்ப, டப்பாவோட கிளிப்பைத் தட்டித் தொறந்து பார்த்தேன். ஃபில்டர் மடிப்புல வைக்கோல் தூசி, நெல்லுச் சொணை, காஞ்ச புளிய எலை, செத்த கட்டெறும்பு. அறுப்பு மெஷினு பின்னாடியே காரை ஓட்டுனா வேற என்ன இருக்கும்? அடுத்து, சென்சாரைத் தாண்டி டர்போவுக்குப் போற ரப்பர் குழாயை வளைச்சேன். மேல பளபளன்னு இருக்கு. அடிவயித்துல வெரல் நீளத்துக்கு வெடிப்பு! எடை போடாத காத்து அந்த வழியா நொழைஞ்சா, சென்சாரு என்னய்யா பண்ணும்? தன்னைத் தாண்டிப் போனதை நெசமாத்தான் சொல்லுது, அதைப் போயிக் கொன்னு பொதைக்கப் பாத்தீங்களே.

மொதல்ல ஃபில்டரையும் குழாயையும் மாத்து. அப்புறம் சென்சாரைக் கழுவு. சாவியை அணைச்சு, என்ஜினு ஆறுனதும் பிளக்கோட பூட்டை அமுக்கிக் கழட்டு. ஒயரைப் புடிச்சு மாட்டு மூக்கணாங்கயிறு கணக்கா இழுக்காத. நட்சத்திர மூஞ்சி ஸ்க்ரூ ரெண்டைக் கழட்டுனா கையோட வந்துரும். இதுக்குன்னே ஸ்பிரே விக்குது, சில நூறு ரூபாதான். விட்டு விட்டுப் பத்துப் பதினஞ்சு தடவை அடி, ஈரம் போக நல்லாக் காயவிட்டு மாட்டு. கார்புரேட்டர் கிளீனரு வேணாம், கம்ப்ரசர் காத்து வேணாம், பல்லு வெளக்குற பிரஷ் வேணாம், உங்க அத்தையோட பழைய சேலைத் துணியும் வேணாம். தொட்டா அந்தப் படலம் போயிரும். போஷ்காரங்க 1980-கள்ல கொண்டாந்த கம்பிச் சென்சாரு, என்ஜினை நிறுத்துனதும் ஒரு செகண்டு 1,000 டிகிரிக்குக் காஞ்சு தன் அழுக்கைத் தானே எரிச்சுக்கும். இப்ப வர்றதுக்கு அந்த ரோசம் கெடையாது, நாமதான் பாக்கணும். உன் மச்சினன் ‘ரேஸ் ஃபில்டர்’னு எண்ணெய் தடவுனது ஒண்ணை வாங்கிட்டு வந்து நின்னான்னா, வாசலோட அனுப்பிரு. கூடுதலாத் தடவுன எண்ணெய் சென்சாரு மேல படிஞ்சு, தூசியை விருந்துக்குக் கூப்பிடும்.

கழுவியும் வண்டி சொணங்குச்சுன்னா, சென்சாரோட பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு சுத்து ஓட்டிப் பாரு. ஈசிஎம் குத்துமதிப்பா ஒரு கணக்கை வச்சு ஓட்டும், லைட்டு எரியும், பதறாத. அப்ப வண்டி முன்ன விடத் தேவலைன்னா, சென்சாரு மேலயே சந்தேகப்படலாம். ‘அப்ப இப்பிடியே ஓட்டுவோமே’ன்னு நெனைக்காத. நீ நெனைப்ப, உன் அப்பனும் நெனைப்பான்.

மாத்தத்தான் வேணும்னா, பழசு மேல இருக்குற பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துட்டுப் போ. பாதி வெலைன்னு எவனாவது நீட்டுனா, அவன் பல்லைப் பாக்காம பெட்டியைப் பாரு. கணக்கு ரவைத் தப்புனாலும் போலி சென்சாரு பழையபடி இதே நம்பரைத்தான் காட்டும். அம்புக்குறி என்ஜினைப் பார்த்து இருக்கணும், ஓ-ரிங் மடங்கக் கூடாது, ஸ்க்ரூ உக்கார்ற எடம் பிளாஸ்டிக்கு, உன் வீரத்தை அதுல காட்டாத. கடைசியா ஸ்கேனருல அந்த நம்பரை அழிக்கச் சொல்லு.

அப்புறம் ஏத்தத்துல ஓட்டிப் பாக்கணும்ல? மேகமலைக்கே போவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு செக்போஸ்ட்டுல அடைச்சிருவாங்க, வெள்ளனா கெளம்பு. முன் சீட்டு எனக்கு. டீசலு உன் கணக்கு.