கடைசித் தவணைப் பிரபு

அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் தளத்துக்கும் கேட்ட பணத்தை முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, பூச்சு முடிந்து சுண்ணாம்பும் அடித்தாகி, மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு கணக்கு நோட்டுடன் வாசலில் வந்து நிற்கிற அந்த ஒரு தினத்தில் மாத்திரம் திவ்ய திருஷ்டி பெற்றுவிடுகிற மகானுபாவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆயினும் ராபர்ட்சன்பேட்டையில் வாசம் செய்கிற பிரபுவுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய கோலார் தங்கச் சுரங்கத்தில், மங்கிய விளக்கொளியில் பாறையின் மயிரிழைப் பிளவைப் பார்த்துப் பார்த்து உயிர் தப்பிய கண்கள் அவருடையவை. பட்டப்பகலில் சொந்தக் கூடத்துச் சுவரில் அவற்றுக்குத் தப்பக்கூடியது யாது?

ஒரு கையில் தூக்குக்குண்டும் மறு கையில் ரசமட்டமும் ஏந்தி வீட்டைப் பிரதட்சிணம் வருவார். ஜன்னலுக்கு மேலே கோடு ஒன்று அகப்படும்.

“மேஸ்திரி, இது என்னப்பா?”

“ஒண்ணுமில்ல சார், கீழே பாறை வெடிச்சிருக்கும். ஊரே ஆடுற எடத்துல சுவரு மட்டும் ஆடாம நிக்குமா?”

இந்தச் சமாதானத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பூமிக்கடியில் பாறை வெடித்து, மேலே அலமாரிப் பாத்திரங்கள் கலகலத்த அனுபவம் இவ்வூர்ப் பழைய குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் பிரபு விடுவாரா? “சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல மூடிட்டாங்க. நீ சுவர் வச்சது போன வருஷம்!” என்பார். மூடிய சுரங்கமும் மேஸ்திரியின் கட்சியே பேசுகிறது: பம்புகள் நின்று உள்ளே நீர் நிறைந்த பிற்பாடும் அதிர்வுகள் பதிவானதுண்டு. ஆகவே, குற்றம் மணல் மிகுந்த கலவையுடையதா, பூதேவியுடையதா என்னும் வியாஜ்யத்துக்கு முடிவே இல்லை.

இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவன் செய்த காரியத்தின் பலனை அனுபவிப்பவன் அதற்கு ஈடு செய்ய வேண்டுமென்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு விதிப்பதாக வக்கீல் குமாஸ்தா ஒருவர் எடுத்துரைத்தார். “பலனை எங்கே அனுபவிக்கிறேன்? விரிசலைத்தானே அனுபவிக்கிறேன்!” என்று பிரபு பதிலிறுத்தார். கோலாரில் இருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகலாமே என்றால், அதற்கும் சம்மதியார். பழுதைச் சரிசெய்துவிடும்படி அவர்கள் தீர்ப்பளித்துவிட்டால் என்ன ஆவது? ஒருநாள் மேஸ்திரியே மனமிரங்கி, “காசு வேணாம் சார், ஒரு கை பூசி விட்டுடறேன்” என்று கரண்டியுடன் வந்தபோது, “அதுல கை வைக்காதே!” என்று பதறித் தடுத்தாரே, அந்தப் பதற்றத்தில் சகல சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. பழுது இருப்பதால் பாக்கி நிற்கவில்லை. பாக்கி நிற்பதற்காகவே பழுது பேணப்படுகிறது.

பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வரும் மகனுக்காக மாடியில் ஓர் அறை எடுக்க நேர்ந்தபோது, பிரபு அழைத்ததும் அதே மேஸ்திரியைத்தான். பழைய பாக்கிக்கு ஆசைப்பட்டாவது ஒழுங்காகச் செய்வான் என்பது அவருடைய ராஜதந்திரம். இத்தனை பட்டும் ஏன் வந்தீர் என்று வெளியே கேட்ட கொத்தனாரிடம் மேஸ்திரி தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கடைசித் தவணை வராதுன்னு தெரிஞ்சு, அதையும் முதல் தவணையிலேயே சேத்து வாங்கிட்டேன்பா. கேக்காம இருந்தா சந்தேகப்படுவாரே, அதான் மாசம் ஒரு தரம் வந்து கேட்டுட்டுப் போறேன்.”